மடையும் திதியும்

காலைத் தேநீருக்கு முன்னால் கைவைத்துவிட வேண்டும் என்பது மன்னவனூர்க் கணினிக் கூடத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ஒழுங்கு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூச்சு புகையாகக் கலைவதைப் பார்த்தபடி, பொறுப்பாளர்கள் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்பார்கள். வரிசையின் முடிவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் உள்ளங்கையை வைத்தால் மேலே உள்ள திரையில் அவரவர் பொறுப்பில் உள்ள மென்பொருள் பொதியின் பெயர் வரும். அதைச் சார்ந்திருக்கும் பிற பொதிகளின் பெயர்கள் அதன் கீழே ஓடும். பிறகு ஒரு மணிச்சத்தம். இன்றைக்கும் இந்த ஆள் இருக்கிறார், ஆகவே இந்த மென்பொருளும் இருக்கலாம் என்று அதற்குப் பொருள்.

சோணைமுத்து கைவைத்தபோது 'மடை' என்று வந்தது. கீழே பெயர்கள் நிற்காமல் ஓடின. அணைகளின் கதவுகள், நீரேற்று நிலையங்கள், மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு ஊரின் குழாய்த் தொகுதியும். அவன் கை மரத்துப்போகும்வரை அது முடியாது. அவனுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி செங்கமலம் கைவைத்ததும் 'திதி' என்று வந்தது. அதன் கீழே ஒரே ஒரு பெயர்: மடை. உடனே மணி அடித்தது.

"கமலம் கை வச்சா வச்ச சூடு தெரியாம முடிஞ்சு போகுது. இந்தச் சோணை கை வச்சான்னா நமக்கு டீ ஆறிப்போகுது" என்றார் வரிசையில் நின்ற ஆசீர்வாதம்.

"உங்களுது மட்டும் என்னவாம்ண்ணே. கடுதாசிக்கு மேல முத்திரை அடிக்கிற பொதி. கடுதாசி போட்டு எத்தனை வருசமாச்சு?" என்றாள் கமலம்.

"என்னைக்காச்சும் போடுவாங்கல்ல. அன்னைக்குத் தெரியும் ஆசீர்வாதம் யாருன்னு."

அவருடைய மனைவி லூர்து சிரித்தாள். தகட்டின் மணிச்சத்தத்தை எழுப்பும் பொதி அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு மணியை அடிப்பதற்காக அவள் இருபது வருடமாக மலையை விட்டு இறங்கவில்லை.

சட்டம் வந்தது கலப்படக் காலத்துக்குப் பிறகு. புதுப்பிப்பு என்ற பெயரில் வலைவழியே வந்த நச்சு நிரல்கள் ரயில்களை நிறுத்தின, மருத்துவமனைகளை இருட்டாக்கின, ஒரு கோடையில் அணைகளைத் திறந்துவிட்டன. முகம், குரல், கையெழுத்து எல்லாவற்றையும் போலியாகச் செய்ய முடிந்தது. கடைசியில் நம்புவதற்கு மீதி இருந்தது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதனின் சூடான கை மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு பொதிக்கும் உயிருள்ள ஒரு பொறுப்பாளர். அவர் கை மூன்று காலை தொடர்ந்து வராவிட்டால் நான்காம் காலை அந்தப் பொதி நீக்கப்படும். அதைச் சார்ந்திருக்கும் எல்லாமும் அதனோடு சேர்ந்து நீங்கும்.

எந்தப் பொதியும் தன்னைச் சாராதபோது பொறுப்பாளருக்கு விடுதலை. அவர் கீழே இறங்கலாம். இறங்கியே ஆக வேண்டும். சமவெளி கொதிக்கத் தொடங்கியபோதுதான் வழங்கிக் கணினிகளை மலைகளுக்கு ஏற்றினார்கள். மலையின் குளிர் முதலில் வழங்கிகளுக்கு, அப்புறம் அவற்றுக்குத் தேவையான மனிதர்களுக்கு. வேறு யாருக்கும் அங்கே இடம் இல்லை. பொறுப்பாளர்களின் பிள்ளைகளுக்குக்கூடப் பத்து வயது வரைதான்.

சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒரு பொதி புதிதாக ஒன்றைச் சார வேண்டுமானால் ஒரு வரி எழுதினால் போதும். சார்பை விலக்க வேண்டுமானால் தகட்டில் கைவைத்து, கூடத்தார் எல்லோர் முன்னாலும், அதன் பெயரைச் சொல்லி, 'இது எனக்கு வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கலப்படக்காரர்கள் காவல் நிரல்களை ஓசைப்படாமல் கழற்றித்தான் உள்ளே நுழைந்தார்கள் என்பதால் வந்த பிரிவு அது.

கூடத்தில் நடந்த முதல் கல்யாணத்தில் யாரோ விளையாட்டாகச் செய்தது பிறகு வழக்கமாகிவிட்டது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விசைப்பலகை முன் உட்காரவைப்பார்கள். அவன் பொதியில் அவள் பொதியைச் சார்பாக எழுதுவான், அவள் பொதியில் அவனுடையதை அவள் எழுதுவாள். முடிச்சுப் போடுவது என்று அதற்குப் பெயர். மோதிரத்துக்கும் சங்கிலிக்கும் மலையில் பெரிய மதிப்பில்லை. முடிச்சுப் போடாத கல்யாணத்தை மட்டும் யாரும் கல்யாணமாக நினைக்கவில்லை. சோணைமுத்துவும் போட்டான். அணைக் கதவைத் திறக்கும் நிரலுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கோயில் குளங்களுக்கு நாள் பார்த்துத் தண்ணீர் விட்ட காலத்தில் 'திதி'யைக் கேட்கப் பல பொதிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகப் போன பிறகு, கமலத்தை மலையில் பிடித்துவைத்திருந்தது அவன் எழுதிய அந்த ஒரு வரிதான்.

அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை, மகள் அங்கைக்கு ஒன்பது வயது முடியும் வரை.

*

அந்த வருடம் தை மாதத்தில், வடத்தில் தொங்கிச் செல்லும் கம்பிவண்டியில் இரண்டு மாதிரி வழங்கிகள் ஏறி வந்தன. கூடத்தின் பழைய வழங்கிகள் ஒன்றுமாற்றி ஒன்று செத்துக்கொண்டிருந்தன. உதிரிபாகத்துக்காக ஒன்றைப் பிரித்து இன்னொன்றில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான் சோணைமுத்து. வன்பொருள் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எதை வாங்குவது என்று அவன் சொன்னால் கூடத் தலைவி யாஸ்மின் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒருமுறை வாங்கினால் பதினைந்து வருடத்துக்கு மாற்ற முடியாது.

முதல் மாதிரி, இருப்பவற்றின் தம்பி. அதே வகைச் செயலி, அதே கட்டளைகள். இப்போதுள்ள பொதிகளை அப்படியே எடுத்து வைத்தால் ஓடும். ஆனால் அடுப்புபோல் கொதிக்கும். விசிறிகள் ஓயாமல் கத்தும். அதன் பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை, மூடிய கூடங்களிலிருந்து பொறுக்கி வர வேண்டும்.

இரண்டாவது புது வகை. கால்பங்கு மின்சாரம். தொட்டால் தண்ணீர்க் குடத்தைத் தொட்டதுபோல் இருக்கும். பாகங்கள் கோவையிலேயே கிடைக்கும். ஒரே சிக்கல், அதன் செயலி பேசும் மொழி வேறு. பழைய பொதிகள் அதற்குப் புரியாது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தின் அடிப்பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு பொதியையும் மூலநிரலிலிருந்து வரிசையாகத் திரும்பக் கட்ட வேண்டும். எது எதற்கு முன்னால் என்று வரிசை போடுவது கமலத்தின் வேலை. பொதிகளை அவளளவுக்கு அறிந்தவர் அங்கே இல்லை.

மாசி முழுவதும் இருவரும் மாதிரி அறையில் உட்கார்ந்தார்கள். பழைய மாதிரியின் வெப்பத்தை அவன் அளந்தான், புதிய மாதிரியில் அவள் பொதிகளைக் கட்டினாள். அங்கை இரண்டுக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். வரும் ஆனியில் அவள் காரைக்குடியில் விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். பொறுப்பாளருக்கு விடுப்பு மூன்றே நாள். அங்கே போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். பொறுப்பாளரான பெற்றோருக்கு மகளோடு இருக்கக் கிடைப்பது நடுவில் உள்ள ஒரு பகல்.

ஒரு பிற்பகலில் கமலம் அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. நின்னுருச்சு."

திரையில் கட்டுமான வரிசை ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னவாம்?"

"மடையைக் கட்டணும்னா மொதல்ல திதி வேணுங்குது. திதியைக் கட்டணும்னா மொதல்ல மடை வேணுங்குது. எதை மொதல்ல கட்ட?"

அவன் குனிந்து அந்த இரண்டு பெயர்களையும் மறுபடி படித்தான்.

"நம்மளுது மட்டும் இல்ல. ஆசீர்வாதம் அண்ணன் வீடு, கீழ வரிசையில எல்லா வீடும் இப்படித்தான் நிக்கும். யாராச்சும் ஒருத்தர் அவுத்தாத்தான் மேல போகும்."

"பழைய மெசினுல இந்தப் பிரச்சினை இல்லைல."

"பழசுல எதையும் கட்ட வேண்டியதில்லையே. கட்டுனதைத் தூக்கி வைக்கிறோம், முடிச்சோட." அவள் அங்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் அவுத்தா மொதல்ல திதி, அப்புறம் மடை. ரெண்டு பேரும் இங்கனயே இருப்போம், அங்கை தனியா. அதை நான் செய்யறதா இல்ல. நீங்க அவுத்தா மடை தன்னால நிக்கும். திதி யாருக்கும் வேண்டாததா ஆயிரும்."

"நீ போயிருவ."

"அங்கை கூடப் போவேன். அங்க வீடு பாத்து வச்சா லீவுக்கு நீங்க வந்து போக ஒரு எடம் இருக்கும்ல."

"ஒரு பகலுக்கு."

"ஆமா. ஒரு பகலுக்கு. இப்படியே இருந்தா அவளுக்கு ரெண்டு பேரும் ஒரு பகலுக்குத்தான். நான் போனா அவளுக்கு ஓராளாவது முழுசா இருக்கும்."

அவன் தன் கையைப் பார்த்தான். பதினோரு வருடத்துக்கு முன் விசைப்பலகையின் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப் பிழையாக அடித்துவிட்டு அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது. எல்லோர் முன்னாலும் தகட்டில் கைவைத்து அந்த மூன்று சொல்லைச் சொல்வதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, சொன்ன மறுநாள் காலை தனக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. மடையை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. சாகும்வரை அவனுக்கு இந்த மலைதான்.

"யோசிப்போம்" என்றான்.

யோசிப்பதற்கு ஆட்கள் வந்து உதவினார்கள். குளிக்கப் போகும் வழியில், சாப்பாட்டு மேசையில், மாடிப்படியில். எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. ஆசீர்வாதம் அவன் தோளில் கைபோட்டார்.

"சோணை, நான் மெசினைப் பத்திப் பேசல. எனக்கு அது தெரியாது. ஆனா இந்த வயசுல லூர்துவைப் பாத்து எல்லாருக்கு முன்னாடியும் வேண்டாம்னு சொல்லச் சொன்னா நான் எங்க போவேன்? அவ சோறு போடுவாளா?"

"அவுக்க வேண்டியது பொதியில இருக்கிற சார்பைத்தானண்ணே. ஆளை இல்லையே."

"அப்ப நீ மொதல்ல சொல்லு. நான் பின்னாடி சொல்றேன்."

பங்குனியில் பனி கடைசியாக ஒருமுறை இறங்கியது. அன்று காலை புதிய மாதிரியின் மூடியைத் திறந்த சோணைமுத்து, உள்ளே பலகைகளின்மேல் நுண்ணிய நீர்த்துளிகளைக் கண்டான். இயந்திரம் குளிர்ச்சியாகவே ஓடியதால் மலையின் பனி அதன்மேல் படிந்திருந்தது. பழைய மாதிரியில் அப்படி எதுவும் இல்லை. அது தன் சூட்டில் தன்னை உலர்த்திக்கொண்டிருந்தது. அவன் நீர்த்துளிகளை வெகுநேரம் பார்த்தான். வன்பொருள் ஆள் ஒருவன் ஈரத்தைக் கண்டு சந்தோஷப்படுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கூட்டத்தில் அதைச் சொன்னான். புது வகை நல்லதுதான், ஆனால் இந்த மலையின் ஈரத்துக்கு ஒத்துவராது, பழைய வகையே பத்திரம் என்றான். யாஸ்மின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற வழியே இல்லையா, சோணைமுத்து?"

"இல்லீங்க மேடம்."

பின்வரிசையிலிருந்து கமலம் எழுந்தாள். "பெட்டிக்குள்ள ஒரு குண்டு பல்பு போட்டா போதுமே மேடம். அந்தச் சூட்டுக்கு ஈரம் ஒட்டாது."

ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாஸ்மின் மறுபடி அவனைப் பார்த்தார்.

"பல்பு ஃபியூஸ் போனா?" என்றான் அவன். "தண்ணி விசயம். ரிஸ்க் எடுக்க முடியாது."

பழைய வகைக்குக் கையெழுத்தானது. அன்று மாலை லூர்து ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாள். கீழ் வரிசை வீடுகளிலிருந்து இன்னும் மூன்று தூக்குகள் வந்தன. அங்கை எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்னப்பா விசேசம்?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. மெசின் வாங்குறாங்க."

கமலம் ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு மகளுக்குக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் மாதிரி அறைக்கு வரவில்லை.

*

ஆனியில், கைவைத்துவிட்டு, கமலமும் அங்கையும் கம்பிவண்டியில் ஏறினார்கள். அங்கை கண்ணாடியில் மூக்கை அழுத்தி அப்பாவுக்கு ஒரு பன்றி மூஞ்சி காட்டினாள். வண்டி மேகத்துக்குள் இறங்கிக் காணாமல்போனது.

அடுத்த காலை அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை. அது வழக்கம்தான். அதற்கடுத்த காலையும் வழக்கம்தான். அன்று மாலை வண்டியில் மிளகாய் மூட்டையும் இரண்டு விசிறிகளும் மட்டும் வந்தன. வத்தலக்குண்டில் பேருந்தைத் தவறவிட்டிருப்பாள் என்று நினைத்தான். மூன்றாம் காலையும் வரிசை அவனோடு முடிந்தது. பிற்பகலில் கம்பித் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது.

"அங்கையைச் சேத்தாச்சா?" என்றான். "பஸ் கிடைக்கலயா? எங்க இருக்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடித் தெருவுல. ஒரு ரூம் பாத்துருக்கேன். நான் வரலைங்க."

பின்னணியில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவன் தொலைபேசியை மறுகைக்கு மாற்றினான்.

"கமலம், நாளைக்குக் காலையில நீ இல்லைன்னா திதியை எடுத்துரும்."

"தெரியும்."

"திதியை எடுத்தா அதைச் சார்ந்திருக்கிற மடையையும் எடுத்துரும். மடை போச்சுன்னா மலையடிவாரத்துல இருந்து கடல் வரைக்கும் ஒரு குழாயில தண்ணி வராது. அங்கை இருக்கிற பள்ளிக்கூடத்துலயும்தான்."

"தெரியும்னு சொல்றேன்ல. நீங்க சொல்லித்தான் தெரியணுமா? வரிசை போடுறவ நான்."

"மெரட்டுறியா?"

"மெரட்டல. தண்ணிய நிக்க விடுற ஆளு நீங்க இல்ல. அது தெரிஞ்சுதான் நிம்மதியா ஒக்காந்திருக்கேன்." பிறகு அவளே தொடர்ந்தாள். "ஒரு குண்டு பல்பை வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எம்மேல உள்ள ஆசையிலதான் சொன்னீங்க. அதுவும் தெரியும். அதுக்காக நான் அங்கனயே இருக்க முடியுமா?"

"எல்லாருக்கு முன்னாடியும் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்ற."

"அது பொதியைச் சொல்றது. ஆசீர்வாதம் அண்ணன்கிட்ட நீங்க சொன்னீங்களாமே, ஆளை இல்லைன்னு. லூர்து அக்கா சொன்னாங்க."

"நீ உன் முடிச்சை அவுத்துட்டுப் போயிருக்கலாம்ல. கோவத்துக்காச்சும்."

"நான் ஏன் அவுக்க? எனக்கு வேணும். பொதியோட சேந்து அதுவா போனா போகட்டும், நான் சொல்ல மாட்டேன்."

இணைப்பு இரைந்தது. அவள் வைத்துவிட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. வைக்கவில்லை.

"சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டிருக்கேன், மாடியில. மழை வந்தா எடுத்துருங்க" என்றாள்.

*

நான்காம் காலை வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஏற்கெனவே கைவைத்துவிட்டவர்களும் தேநீருக்குப் போகாமல் சுவரோரம் நின்றார்கள். கம்பிவண்டி வந்து போய்விட்டது. அதில் யாரும் இல்லை. கடைசிக் கை பட்டதும், வராதவர்களின் பொதிகளைத் தகடு கணக்கெடுக்கத் தொடங்கும்.

"நீங்கதான் கடைசி ஆள்" என்றார் யாஸ்மின்.

சோணைமுத்து தகட்டில் கைவைத்தான். பித்தளை சில்லென்று இருந்தது. மடை. பெயர்கள் ஓடத் தொடங்கின. அணைகள், நிலையங்கள், ஊர்கள். காரைக்குடி அதில் ஒரு வரியாக வந்து போனது. ஆசீர்வாதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்து மட்டும் அவனையே பார்த்தாள்.

"திதி" என்றான். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி சொன்னான். "திதி. இது எனக்கு வேண்டாம்."

கூடத்தின் கூரை இடிந்துவிழவில்லை. விசிறிகள் அதே சுருதியில் ஓடின. திரையில் ஒரு வரி வந்தது: திதி, சார்ந்திருப்பவை எதுவும் இல்லை. அடுத்த கணம் அந்த வரியும் மறைந்தது. மணி அடித்தது. கை எடுக்கலாம் என்று பொருள். அவன் எடுக்கவில்லை. யாஸ்மின் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார்.

"தண்ணி ஓடுது, சோணைமுத்து" என்றார். "போய் டீ குடிங்க."

மறுநாள் காலை லூர்து கைவைத்துவிட்டு, நகராமல் நின்றாள். பின்னால் நின்ற ஆசீர்வாதம், "என்னடி?" என்றார்.

"முத்திரை. இது எனக்கு வேண்டாம்" என்றாள் லூர்து, தெளிவாக.

ஆசீர்வாதத்தின் வாய் திறந்தபடி இருந்தது. லூர்து திரும்பி, "அப்படியே நிக்காதீங்க. நீங்களும் சொல்லுங்க. தூத்துக்குடியில மவன் வீட்டுல ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு" என்றாள். அவர் சொன்னார். மணிப் பொதியை இன்னும் சார்ந்திருந்தது யாஸ்மினின் வருகைப்பதிவுப் பொதி மட்டும்தான். லூர்து அவரைப் பார்த்தாள். யாஸ்மின் ஒரு நிமிடம் நின்றார். பிறகு வரிசையைத் தாண்டி வந்து கைவைத்தார்.

"மணி. இது எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு தகட்டில் சத்தம் வரவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று ஆசீர்வாதம் வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல் கம்பிவண்டியில் ஏறினார். "ரெண்டு பேருமே உபயோகமில்லாத ஆளுங்கன்னு கவர்மெண்டே ஒத்துக்கிருச்சு சோணை" என்றார். "சேந்து கெளம்புறோம். ஒனக்குத்தான் பாவம், மடை." பிறகு சொன்னதற்காக வருந்தியவர்போல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆடியிலும் ஆவணியிலும் வரிசை குறுகியது. ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவர் அந்த மூன்று சொல்லைச் சொன்னார்கள். சிலர் அழுதபடி, சிலர் முந்தைய நாளே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு. ஒரு தம்பதி யார் முதலில் சொல்வது என்று சண்டையிட்டு, கடைசியில் சேர்ந்தே சொன்னார்கள். புரட்டாசியில் புதிய வழங்கிகள் ஏறி வந்து நிலைகொண்டன. புதியவை என்பது பேச்சுக்கு. அவன் தேர்ந்தெடுத்த பழைய வகை. கட்டவோ வரிசை போடவோ தேவைப்படவில்லை. முடிச்சு எதுவும் இல்லாத பொதிகள் அப்படியே ஏறிக்கொண்டன. வழங்கிகளில் பாதி இடம் காலியாகவே கிடந்தது.

இப்போது கூடத்தில் நான்கு பேர். யாஸ்மினும், மின்சாரமும் மருந்துக் கிடங்கும் பார்க்கிற இருவரும், அவனும். நால்வரும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள். காலையில் பேசிக்கொள்ள அவர்களிடம் அதிகம் இருப்பதில்லை. புதிய வகையை வாங்கியிருந்தால் அது தன்னைத்தானே கவனித்துக்கொண்டிருக்கும், மாதம் ஒருமுறை பல்பு மாற்றினால் போதும். இதற்கு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விசிறி ஒன்று நின்றால் இன்னொன்றைப் பிரித்து மாட்ட வேண்டும். அதன் சூட்டில் அறையின் கண்ணாடிகளில் பனி ஒட்டுவதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவனுக்குக் கம்பளிகூடத் தேவைப்படவில்லை. கமலத்தை மலையிலேயே வைத்துக்கொள்ள வாங்கிய இயந்திரம், பதினைந்து வருடத்துக்கு அவனை வைத்துக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கை பேசினாள். கணக்கில் வாங்கிய மதிப்பெண், விடுதியை விட்டு அம்மாவோடு வந்துவிட்டது, பின்தெருவில் ஒரு நாய் மூன்று குட்டி போட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அப்பா, உன்னை எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள்.

"மடை வேண்டாம்னு எல்லாரும் சொன்னா விடுவாங்க."

"எல்லாரும்னா?"

"தண்ணி குடிக்கிற எல்லாரும்."

அவள் யோசித்தாள். "நான் வேணா சொல்லட்டா?"

"நீ சொன்னா ஒனக்குத் தண்ணி வராதே."

"அப்ப வேணாம்" என்றாள். பிறகு, "அப்பா, இரு, வச்சுராத" என்றாள். காலடிகள் ஓடின. கமலம் தூரத்தில், "பிள்ள, வயரு அறுந்துறப்போகுது" என்று சொல்வது கேட்டது. பிறகு ஒரு சின்னக் கிறீச்சொலி, அதைத் தொடர்ந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

"கேக்குதா?"

சோணைமுத்து நாற்காலியை இழுத்துத் திரையின் முன் உட்கார்ந்தான். ஊர்களின் வரிசையில் காரைக்குடியைத் தேடி எடுத்தான். அந்த ஊரின் கோடு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாளியா, ஆயிரம் வாளியா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"கேக்குது" என்றான்.

"அம்மா, அப்பாவுக்குக் கேக்குதாம்" என்றாள் அங்கை உள்ளே திரும்பி.

வாளி நிரம்பும் சத்தம் மெல்ல உயர்ந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அவன் தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி, கோடு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு விசிறி தட்டத் தொடங்கியது. எழுந்து போய் அதை மாற்ற வேண்டும்.